எழுத்து ஓடும்போதே தொடங்கும் பயம்

1955இல் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்தின் ரீல் பெட்டிகள் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போனபோது, மேலே ஒரு குறிப்பும் ஒட்டப்பட்டிருந்தது. ஆபரேட்டருக்கான உத்தரவு அது: டைட்டில் தொடங்குவதற்கு முன்பே திரைச்சீலையை விலக்கிவிடவும். அன்றைய வழக்கம் வேறு. மூடிய சீலையின் மேலேயே பெயர்களை ஓட்டிவிட்டு, கதை ஆரம்பிக்கும்போதுதான் சீலையைத் திறப்பார்கள். பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் திரும்பி வருவதற்கான நேரம் அது. நம் ஊரிலும் "எழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே டார்ச் வெளிச்சத்தில் சீட்டைத் தேடியவர்கள் ஏராளம். எழுத்து போனால் போகட்டும், கதை போய்விடக் கூடாது என்பது கணக்கு.

அந்தப் படத்தின் இயக்குநர் ஆட்டோ பிரமிங்கருக்கு எழுத்தும் போகக் கூடாது. ஏனென்றால் அதைச் செய்து கொடுத்தவர் சால் பாஸ். நியூயார்க்கில் 1920இல் பிறந்த விளம்பர வடிவமைப்பாளர். ஹெராயின் அடிமை ஒருவனைப் பற்றிய படம் அது. நடிகர் முகம் ஒன்றுகூட இல்லாமல், கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகளை மட்டும் அங்கும் இங்கும் நகரவிட்டார் பாஸ். கடைசியில் பட்டைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்ட ஒரு கையாகின்றன. ஊசி ஏறும் கை. கதை தொடங்கும் முன்பே கதையின் வேதனை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்த வித்தையால் அதிக லாபம் அடைந்தவர்கள் திகில் பட இயக்குநர்கள். காரணம் கண்ணின் ஒரு பலவீனம். படிக்கத் தெரிந்த கண்ணால் எழுத்தைப் படிக்காமல் இருக்க முடியாது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டுக் கொடுத்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். சொல்லைப் படிக்க வேண்டாம் என்று நாம் எவ்வளவு முயன்றாலும் கண் படித்துவிடுகிறது. இந்தத் தடுமாற்றத்தை 1935இல் சோதித்து எழுதிய அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப்பின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. டைட்டிலின்போதும் இதேதான். ஒளிப்பதிவாளர் யார், படத்தொகுப்பாளர் யார் என்று கண் படித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் அசையும் படத்தையும் காதில் விழும் இசையையும் மனம் சோதனை போடாமல் உள்ளே விட்டுவிடுகிறது. கதை தெரியாததால், 'இதற்காகத்தான் பயம்' என்று சொல்லிச் சமாதானமாகவும் வழியில்லை. பொருள் இல்லாத பயம் முதலில் வந்துவிடும். பொருள் பிறகு வரும்.

இதற்குப் பாடமாக வைக்கத் தகுந்தது ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960). மிஷ்கின் 2020இல் எடுத்தது வேறு. ஹிட்ச்காக் படத்தின் டைட்டில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதில் ரத்தம் இல்லை, கத்தி இல்லை, வீடும் இல்லை. கிடைமட்டக் கோடுகள் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்து திரையை நிரப்புகின்றன, விலகுகின்றன. பின்பு செங்குத்துக் கோடுகள் மேலும் கீழும் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலில் பெயர்கள் துண்டு துண்டாக வந்து, ஒரு கணம் ஒட்டி, மறுபடி அறுபட்டுப் போகின்றன. படத்தின் பெயர் வரும் இடத்தைக் கவனியுங்கள். எழுத்துகளை மேல், நடு, கீழ் என்று குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் இழுபட்டு நிற்கின்றன. ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பிளந்து கிடக்கும் கதை இது என்பது படத்தின் கடைசியில்தான் தெரியும். ஆனால் முதல் நிமிடத்திலேயே கண் அதைப் பார்த்துவிட்டது.

இதைக் கையாலேயே செய்தார்கள். அலுமினியப் பட்டைகளுக்குக் கறுப்புச் சாயம் அடித்து, பலகையின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலையும் படம்பிடித்தார்கள். விநாடிக்கு 24 சட்டகம் என்னும்போது அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று யோசித்துக்கொள்ளலாம்.

கோடுகள் பாதி என்றால் மீதி பெர்னார்ட் ஹெர்மனின் இசை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இசையும் ஒரே நிறத்தில் இருக்கட்டும் என்று, தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டார். ஊதுகுழல் இல்லை, தாளவாத்தியம் இல்லை. அந்தத் தந்திகளின் குரலையும் அடக்கி வாசிக்க வைத்தார். எடுத்த எடுப்பில் வில்கள் அடிக்கும் அந்தத் திடுக்கிடும் ஒலிக்குள் நம் காதுக்கும் பழக்கமான சுரங்களே இருக்கின்றன: சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். நான்கும் கீரவாணியில் உள்ளவை. ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினால் மனம் உருகும். நான்கையும் ஒரே நேரத்தில் அடித்தால், காகலி நிஷாதம் பக்கத்துச் சட்ஜத்தோடு உரசிக்கொண்டே இருக்கும், அரைச்சுர இடைவெளியில். தீர்வு தேடும் காதுக்குத் தீர்வு கிடைப்பதில்லை. இசை ஆய்வாளர்கள் இதற்கு 'ஹிட்ச்காக் கார்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ஹெர்மனுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டைட்டில் முடிந்ததும் வெயில் அடிக்கும் பீனிக்ஸ் நகரம். கிழமை, தேதி, நேரம் எல்லாம் எழுத்தில் வருகின்றன. அடுத்து வெகுநேரம் பயப்பட எதுவுமே நடப்பதில்லை. ஒரு பெண் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் போகிறாள், அவ்வளவுதான். படத்தில் தெரிவது ஸ்டியரிங்கும் அவள் முகமும். ஆனால் டைட்டிலில் கேட்ட அதே இசையை ஹெர்மன் இங்கே திரும்ப ஓடவிடுகிறார். உடனே கை நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. டைட்டிலில் போட்டு வைத்த முதலுக்கு வட்டி வருவது இங்கேதான். டைட்டிலை வெட்டிவிட்டுப் பார்த்தால் இந்தக் கார்ப் பயணத்துக்குப் பாதி வலுகூட இருக்காது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு ஹிட்ச்காக், சால் பாஸ், ஹெர்மன் என்ற இதே மூவர் கூட்டணி 'வெர்டிகோ'வில் (1958) வேறு ரகத்தில் விளையாடியிருந்தது. ஒரு பெண்ணின் முகம், ஆனால் முழுதாக இல்லை. முதலில் உதடு, பிறகு பதற்றத்தில் இடமும் வலமும் அலையும் கண்கள், பிறகு ஒற்றைக் கண். திரை சிவக்கிறது, பாவைக்குள்ளிருந்து படத்தின் பெயர் எழுந்து வருகிறது. அதன் பின்னால் சுழல் வடிவங்கள், ஒன்று கரைய இன்னொன்றாக. முகம் கதாநாயகி கிம் நோவாக்கினுடையது அல்ல. ஒருத்தியை இன்னொருத்தியாக நம்பவைக்கும் கதைக்கு அதுவும் பொருத்தமே.

அந்தச் சுழல்கள் எப்படி வந்தன என்பது தனிக்கதை. பிரெஞ்சு இயற்பியலாளர் லிஸாஜு 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த வளைவுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. ஒரு புள்ளி பக்கவாட்டில் ஊசலாடுகிறது. அதே புள்ளி மேலும் கீழும் ஊசலாடுகிறது. இரண்டு ஊசலும் சேர்ந்து வரைவதுதான் லிஸாஜு வளைவு. வேகங்கள் முழு எண் விகிதத்தில் இருந்தால் வளைவு தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்ளும். விகிதம் இம்மியளவு பிசகினால், மூடாமல் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். கையால் இதைப் பிசகாமல் வரைய முடியாது. ஜான் விட்னி என்ற சோதனைப்படக் கலைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களைச் சுடும் பீரங்கிக்குக் குறி கணக்கிட்டுச் சொன்ன எம்5 என்ற இயந்திரம், போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்தது. பற்சக்கரங்களால் கணக்குப் போடும் அந்தக் காலத்துக் கணினி. அதைக் கொண்டு விட்னி சுழல்களை உருவாக்கினார். விமானத்தைக் குறிவைத்த இயந்திரம் மனிதத் தலைச்சுற்றலை வரைந்தது. சினிமாவில் கணினி நுழைந்த முதல் சில இடங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

டைட்டில் எப்போதும் திகிலைக் கூட்டிவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். கெடுத்த கதையும் உண்டு. அதே 1958இல் வந்தது ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்'. முதல் காட்சியில் ஒருவன் வெடிகுண்டில் நேரத்தைத் திருகி, ஒரு காரின் டிக்கியில் வைத்துவிட்டு ஓடுகிறான். ஒரு ஜோடி வந்து காரை எடுக்கிறது. கேமரா வெட்டாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் எல்லை ஊர் ஒன்றின் தெருக்களில் அந்தக் காரைத் தொடர்கிறது. ஆட்டுக்கூட்டம் மறிக்கிறது, போலீஸ்காரர் நிறுத்துகிறார், கார் நகர்கிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. திகிலுக்கும் திடீர் அதிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை ஹிட்ச்காக் விளக்கியது மேசைக்கு அடியில் இருக்கும் குண்டை வைத்து. அந்த விளக்கத்துக்கு இதைவிட நல்ல செயல்முறைப் பாடம் கிடையாது.

ஆனால் ஸ்டூடியோ இந்தக் காட்சியின் மேலேயே பெயர்களை ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் துள்ளலான இசையையும் சேர்த்துவிட்டது. மேலே சொன்ன ஸ்ட்ரூப் சங்கதி இங்கே எதிராகத் திரும்பியது. காரைத் தேட வேண்டிய கண் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தது. வெல்ஸ் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தும் ஸ்டூடியோ முழுவதும் இறங்கி வரவில்லை. 1985இல் அவர் இறந்தும் போனார். 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்புகளைப் பின்பற்றிப் படத்தை மறுபடி தொகுத்தார். பெயர்களும் மான்சினியின் இசையும் போயின. மதுக்கடை வாசல்களிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வரும் தெருவின் ஓசை வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் பழைய பதிப்புக்குத் திரும்புவது கடினம்.

எழுத்து எப்போது வேண்டாம் என்று தெரிந்தவர்தான் எழுத்தை நன்றாகப் பயன்படுத்துவார். 'ஏலியன்' (1979) அதற்குச் சாட்சி. இருண்ட கிரகத்தின் மேல் கேமரா ஊர்ந்து போகிறது. மேலே ஒரு கோடு தோன்றுகிறது, வெகுநேரம் கழித்து இன்னொன்று. அது எழுத்தின் துண்டு என்று புரியவே நேரமாகிறது. மற்றப் பெயர்கள் எல்லாம் வந்து போவதற்குள் அந்த ஐந்தெழுத்து மெதுவாக முழுமை அடைகிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்'கில் (1980) மலைப்பாதையில் போகும் சின்ன மஞ்சள் காரை ஹெலிகாப்டர் கேமரா துரத்துகிறது. யார் பார்வை அது என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. கேட்பதோ, சாவுப் பூசைக்கென்று இடைக்கால ஐரோப்பாவில் பாடப்பட்ட மெட்டு, மின்னணுக் கருவியில்.

எங்கள் தலைமுறையில் டைட்டிலை மறுபடி பேசுபொருளாக்கியது டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995). வடிவமைத்தவர் கைல் கூப்பர். கொலைகாரன் நேரில் வருவதற்குப் படத்தில் வெகுநேரம் ஆகும். ஆனால் டைட்டில் முழுவதும் அவன் கைகள்தான். பிளேடு விரல் நுனித் தோலைச் சீவுகிறது. ஊசியில் நூல் கோத்துக் காகிதங்களைத் தைக்கிறான். புகைப்படத்தில் கண்களைக் கறுப்படிக்கிறான். டாலர் நோட்டிலிருந்து 'கடவுள்' என்ற சொல்லை வெட்டி எடுக்கிறான். எல்லாம் மிக அருகில், கைத்தொழில் செய்பவனின் நிதானத்தோடு. பெயர்களும் ஊசியால் கீறியவை போல நடுங்குகின்றன, சட்டகத்தில் நிலைகொள்ளாமல் குதிக்கின்றன. அதைக் கணினியில் செய்யாமல் கையால் கீறியதால்தான் அந்த நடுக்கம் நம்பும்படி இருக்கிறது. விரலைச் சீவியது ஏன் என்று பின்னால் புரியும்: அவன் எங்கும் கைரேகை விடுவதில்லை. தைத்த காகிதங்கள் எவை என்பதும் புரியும்: அவன் அறையில் இருக்கும் 2,000 குறிப்பேடுகள். அந்த அறைக்குள் போலீஸ் நுழையும்போது, அங்கே ஏற்கெனவே போய்வந்த உணர்வு நமக்கு இருக்கிறது.

இதில் நான் மிகவும் ரசிப்பது இல்லாத ஒன்றை. கொலைகாரனாக நடித்த கெவின் ஸ்பேஸியின் பெயர் டைட்டிலில் கிடையாது. இருந்திருந்தால், ஸ்பேஸி எப்போது வருவார் என்று ரசிகர் காத்திருப்பார், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நம் பக்கம் இதற்கு நேர்மாறான டைட்டில் பிரபலம். 1992இல் 'அண்ணாமலை'யில் தேவாவின் இசையோடு புள்ளி புள்ளியாக ஒளிர்ந்த 'சூப்பர் ஸ்டார்' எழுத்தை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் வேலை தைரியம் சொல்வது: பயப்படாதே, ஆள் வந்தாச்சு. திகில் படத்தின் டைட்டில் அந்தத் தைரியத்தைத்தான் பறிக்க வேண்டும். நம் த்ரில்லர்கள் பலவற்றில் முதல் கொலை நன்றாகவே அமைகிறது. அதற்குப் பின் வரும் டைட்டில் நன்றிப் பட்டியலாக நீண்டு, ஏறிய சூட்டை ஆற்றிவிடுகிறது. காசுக் குறை என்று இதைச் சொல்ல முடியாது. 'சைக்கோ' டைட்டிலில் இருப்பது சாயம் அடித்த பட்டைகளும் தந்தி வாத்தியங்களும் மட்டுமே.

2017இல் நெட்ஃபிளிக்ஸ் தொடக்கத்தைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்தது. இப்போது பல தளங்களில் இருக்கிறது. தொடர் பார்க்கையில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அதே டைட்டில் வந்தால் எரிச்சல் வரும், ஒப்புக்கொள்கிறேன். திகில் படத்தில் மட்டும் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். இந்த வாரம் நேரம் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'சைக்கோ'வின் டைட்டிலை முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து. மூன்று முறையும் சேர்ந்து ஆறு நிமிடம்கூட ஆகாது.