மிதிபட்டு எழும் புல்

அற்பமான பொருளைப் 'புல்' என்று இகழ்தல் உலக வழக்கு. ஆயின், அப்புல்லைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டு வாழ்வோரும் உளர். விளையாட்டுக் களங்களின் புற்றரையைக் காக்கும் அவர்தம் தொழில், இன்று ஓர் அறிவியற் கலையாகவே வளர்ந்துள்ளது. அதன் அருமையை இலண்டன் மாநகரில் உள்ள விம்பிள்டனில் காணலாம்.

விம்பிள்டன் டென்னிஸ் போட்டி 1877ஆம் ஆண்டில் தொடங்கியது; இன்றும் புற்றரையிலேயே நடைபெறுகின்றது. போட்டிக் காலத்தில் ஆங்குள்ள புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். அவ்வளவு தவறாதிருக்க நாள்தோறும் அதனை வெட்டுவர். வெட்ட வெட்டப் புல் மடியாதிருப்பது எங்ஙனம்? மரஞ்செடிகளின் கொழுந்து கிளைநுனியில் உள்ளது. புல்லின் குருத்தோ தரையை ஒட்டி அடியில் உள்ளது. நுனியை அரிந்தாலும் இலை அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். ஆயினும், ஆடுவோர் காலடியில் இடைவிடாது மிதிபடின் அக்குருத்தும் நைந்துவிடும்.

காப்பாளர்க்கு மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. பந்து நன்கு எழும்புதற்குத் தரை உலர்ந்து இறுகியிருத்தல் வேண்டும். புல் உயிர்வாழ்தற்கோ மண்ணில் ஈரம் வேண்டும். ஒன்று மிகின் மற்றொன்று கெடும். ஆதலின், ஈரத்தையும் இறுக்கத்தையும் கருவிகளால் அளந்தறிந்து, அதற்கேற்ப நீர் விடுவர். விதையிலும் மாற்றம் கண்டனர். முன்னர் 'ரை' என்னும் புல்லை நூற்றுக்கு 70 பங்கும், 'பெஸ்க்யூ' என்னும் புல்லை 30 பங்கும் கலந்து விதைத்தனர். மிதியைத் தாங்கும் வன்மை ரைப்புல்லுக்கே மிகுதி என்று தெளிந்து, 2001ஆம் ஆண்டு முதல் அதனை மட்டுமே வளர்க்கலாயினர்.

இவர்தம் திறமைக்கு 2012ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு விம்பிள்டன் போட்டி ஜூலை 8ஆம் நாள் முடிவுற்றது. அதே களங்களில் ஒலிம்பிக் டென்னிஸ் ஆட்டங்கள் ஜூலை 28ஆம் நாள் தொடங்க வேண்டும். இடையில் இருந்தவை இருபதே நாள்கள். ஆட்டக்காரர் நின்று ஆடும் பின் எல்லைக்கோட்டருகே புல் தேய்ந்து, வெறுந்தரை தோன்றியிருந்தது. புதிய விதையை இட்டு, அது முளைக்கும்வரை காத்திருக்கவும் காலம் இல்லை.

தலைமைக் காப்பாளர் எட்டி சீவர்டும் அவருடன் உழைத்தோரும் இதற்கு ஒரு வழி கண்டனர். உழவர் நாற்றங்காலில் நெல்லை முளைகட்டி விதைப்பது போல, அவர்களும் புல்விதையை முன்னதாகவே முளைக்கச் செய்து, தேய்ந்த இடங்களில் விதைத்தனர். குறித்த நாளில் களங்கள் மீண்டும் பசுமை பூத்து நின்றன.

அவ்வாண்டு ஜூலை 8ஆம் நாள் நடுக்களத்தில் ரோஜர் பெடரரிடம் தோற்றவர் பிரிட்டன் நாட்டு வீரர் ஆண்டி மரே. ஆகஸ்டு 5ஆம் நாள் அதே களத்தில் அவர் பெடரரை வென்று பொற்பதக்கம் பெற்றார். வென்றவரை உலகம் வாழ்த்தியது. அவர் காலூன்றி நின்ற தரையை இருபது நாளில் மீட்டுத் தந்தோரை அறிந்தவர் மிகச் சிலரே. பிறர் கண்ணுக்குப் புலப்படாத உழைப்பே பல வெற்றிகளுக்கு அடித்தளமாகும் என்பதை அப்புற்றரை உணர்த்துகின்றது.