ஆராய்ச்சிக் கட்டுரையும் அகத்தியர் மலையும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுராவைக் கடந்து மலையேறிச் செல்லும் பாதை முடியுமிடத்தில் போனக்காடு இருக்கிறது. தேயிலை கிள்ளுவதற்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே லயங்களில் வாழ்ந்து வருகின்றன. தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. ஆயினும் இத்தகைய தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் கல்லூரிப் படியேறி, ஆராய்ச்சி மாணவராகவும் ஆகும் காலம் வந்துவிட்டது. “கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும்” என்று பிள்ளை கூறும்போது, வீட்டிலுள்ளோர்க்கு அது இன்னதென்று விளங்குவதில்லை. கதை எழுதுவதா, செய்தி எழுதுவதா என்று மயங்குகின்றனர். அதனை விளக்குவதே நம் நோக்கம்.

இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவரல்லர். ஆனால் கணக்கு ஒப்புவிப்பது இன்னதென்று நாமறிவோம். ஆராய்ச்சிக் கட்டுரையும் ஒரு கணக்கு ஒப்புவிப்பே. எதைக் கண்டோம், எப்படிக் கண்டோம், யார் துணையால் கண்டோம் என்ற மூன்றையும், முன்பின் அறியாத ஒருவர் சரிபார்க்கும்படி எழுதி வைப்பதே அது. 1665-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, இதன் சாரம் மாறவில்லை.

முதலாவது, கண்டதைக் கண்டபடி எழுதுதல். இதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டுவதில்லை. போனக்காட்டிலிருந்து யாத்திரிகர் ஏறிச் செல்லும் அகத்தியர் மலையின் மீதே அச்சான்று உள்ளது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரௌன் என்பவர் 1852-இல் திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக வந்தார். 1855-இல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 6,000 அடிக்கு மேலுள்ள அம்மலையின் மீது ஒரு நிலையத்தை அமைத்துக் காந்த ஊசியின் அசைவுகளைக் குறித்து வரச் செய்தார். மழையும் காற்றும் ஓயாத அவ்விடத்தில் எண்களை நாள்தோறும் குறிப்பது எளிய செயலன்று. அக்கணக்குகள் 1874-இல் இலண்டனில் நூலாக அச்சேறின. 1878-இல் இராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் அளித்துப் பாராட்டியது.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. பிரௌன் ஐரோப்பாவுக்குத் திரும்பியது 1865-இல். நூலிலுள்ள கணக்குகளோ 1869 வரை செல்கின்றன. அவர் சென்ற பின்னும் நிலையத்து உதவியாளர்கள் ஊசியைப் பார்த்து எண்களை எழுதி வந்தனர் என்பது இதனால் தெளிவாகும். சாலையில்லாத மலையுச்சிக்குக் கல்லும் மரமும் கருவியும் தாமே ஏறிச் சென்றிருக்க மாட்டா. சுமந்தவர் பலர், நூலின் முகப்பில் நிற்கும் பெயரோ ஒன்றே. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

இரண்டாவது, எப்படிக் கண்டோம் என்பதைப் பிறர்க்கு விளங்கும்படி எழுதுதல். இதற்கு நம் கணித மேதை இராமானுஜனே சான்று. மெட்ரிகுலேஷன் தேறி, எஃப்.ஏ. தேறாமல் நின்ற அவர், 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகைக்குப் பெர்னூலி எண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை அனுப்பினார். பெங்களூரில் கணிதப் பேராசிரியராயிருந்த எம். டி. நாராயண ஐயங்கார் அப்பத்திரிகையின் ஆசிரியர். கட்டுரையில் கருத்து இருந்தது, கோவை இல்லை. பத்துப் படிகளில் சொல்ல வேண்டியதை இராமானுஜன் இரண்டே படிகளில் தாவிச் சென்றிருந்தார். எனவே கட்டுரை மூன்று தடவை ஆசிரியரிடமிருந்து திரும்பி வந்ததாகக் கூறுவர். இராமானுஜன் சினந்து அதைக் கிழித்தெறியவில்லை. ஐயங்காரும் சலித்து ஒதுக்கிவிடவில்லை. அவ்வாண்டிலேயே அது அச்சேறியது.

மறு ஆண்டு மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரி 16-ஆம் நாள், தாம் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டு, கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் எழுதிய இரண்டு அறிஞர்களிடமிருந்து பயன் ஏதும் விளையவில்லை. ஹார்டி வியந்து பாராட்டினார். ஆனால் பாராட்டோடு நில்லாமல் நிரூபணங்களை அனுப்புமாறும் கேட்டார். மேதைக்கே இது விதியென்றால் மற்றவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1915-இல் இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட அவருடைய பெருங்கட்டுரையும் முழுமையாக வரவில்லை. கழகத்துக்குப் பணமுடை, ஆதலின் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அப்பகுதி அச்சேறியது 1997-இல். அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்த பின்! முறையாக எழுதி வைத்த கையெழுத்துப் பிரதி காத்திருந்தாலும் அழிந்துபோவதில்லை.

மூன்றாவது, யார் துணையால் கண்டோம் என்பதை மறையாது எழுதுதல். இதற்கு மீண்டும் அகத்தியர் மலைக்கே வருவோம். 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று அம்மலைக் காட்டில் சுற்றியது. வழிகாட்ட வந்த காணி மக்கள் ஒரு செடியின் சிறு காய்களைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடந்தனர். தயங்கித் தயங்கியே அவர்கள் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை, தாவர நூலார் டிரைகோபஸ் ஜெய்லானிகஸ் என்பர். 1988-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த ‘ஏன்ஷியன்ட் சயன்ஸ் ஆஃப் லைஃப்’ என்னும் பத்திரிகையில் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அதன் தலைப்பில் காணி மக்களின் பெயர் உண்டு. ஆசிரியர் வரிசையில் காணி எவரும் இல்லை.

கதை அத்துடன் முடியவில்லை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவர ஆராய்ச்சி நிலையம் அச்செடியைக் கொண்டு ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் அதைச் செய்து விற்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் நூற்றுக்கு 2 பங்குக்கும் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. வரும் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அதைப் பெற 1997-இல் அம்மக்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமெங்கும் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆயினும் தம் சமூகத்தின் இரகசியம் தம்மைக் கேளாமல் வெளியிடப்பட்டதென்று காணி வைத்தியர் சிலர் ஆட்சேபித்தனர். அச்சேறிய செய்தியை மீண்டும் இரகசியமாக்க எவராலும் இயலாது. எனவே சம்மதம் கேட்க வேண்டிய காலம் கட்டுரை எழுதிய பின் அன்று, எழுதுவதற்கு முன்.

இனி, நடைமுறையைச் சொல்வோம்.

எழுதத் தொடங்குமுன் எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அதன் பழைய இதழ்கள் சிலவற்றைப் படித்தால் அது எதை விரும்புகிறது என்பது தெரியும். எழுதுவோர்க்கென அப்பத்திரிகை வெளியிட்டிருக்கும் விதிகளை எழுத்தெண்ணிப் பின்பற்ற வேண்டும். விலாசச் சீட்டு ஒட்டாத பார்சல் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் ஊர் போய்ச் சேராது அல்லவா?

கட்டுரையின் அமைப்பு பெரும்பாலும் இதுவே: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, செய்முறை, கண்ட முடிவு, அதன் பொருள், ஆதார நூல்கள். முதலில் செய்முறையையும் முடிவையும் எழுதிக்கொண்டு, சுருக்கத்தை இறுதியில் எழுதுவோர் பலர். பிறர் எழுதியதை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாது எடுப்பது களவு. உழைத்தவர் அனைவரும் ஆசிரியர் வரிசையில் இருத்தல் வேண்டும். உழையாதவர் எத்துணைப் பெரியவராயினும் அங்கே இருத்தல் கூடாது. சிறு உதவி புரிந்தோர்க்கு நன்றியுரையில் இடமுண்டு. பெயரை வெளியிடவும் அவர் இசைவு பெறுதல் நலம்.

ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பலாகாது. அனுப்பியதும் ஆசிரியர் பார்வையிடுவார். தகுதியுடையதெனத் தோன்றினால், அத்துறை அறிந்த பரிசீலகர் இருவர் மூவரிடம் கொடுப்பார். இதற்கு மாதங்கள் செல்லும். முதல் தடவையிலேயே திருத்தமின்றி ஏற்கப்படுவது அரிது. திருத்தச் சொல்லி வந்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் வரிசையாக, பணிவாக, தனித்தனியே பதில் எழுத வேண்டும். பரிசீலகர் கூறியது தவறெனில் ஆதாரம் காட்டி மறுக்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. மறுக்கப்பட்டால் குறைகளைக் களைந்து வேறொரு பத்திரிகைக்கு அனுப்பலாம்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. “பணம் கட்டுங்கள், ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தருகிறோம்” என்று கடிதம் விடுப்போர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல பத்திரிகைகள் சிலவும் கட்டணம் கேட்பதுண்டு. அவற்றுட் பல, வசதியில்லாதோர்க்குக் கட்டணத்தைக் குறைக்கவோ நீக்கவோ செய்கின்றன. ஆனால் பரிசீலனையே இன்றிப் பணம் மட்டும் கேட்கும் பத்திரிகை, பத்திரிகையன்று. கூலிப் பணத்தை அங்கே கொட்டுமுன், பிள்ளையின் பேராசிரியரையும் கல்லூரி நூலகரையும் கலந்துகொள்ளுங்கள்.

நம் தோட்டத்து மூதாட்டியர்க்கு எந்த இலை எந்த நோய்க்கு ஆகும் என்பது தெரியும். எந்த மாதம் எந்த ஓடை வற்றும், அட்டை எப்போது பெருகும், கொழுந்தில் நோய் எங்கே முதலில் தோன்றும் என்பனவும் தெரியும். இவற்றை என்றேனும் யாரேனும் எழுதத்தான் போகின்றனர். வெளியூரார் எழுதினால் நம்மவர் ‘வழிகாட்டி’ என்ற ஒரு சொல்லோடு மறைந்துவிடக் கூடும். நம் பிள்ளைகளே எழுதினால், பாட்டியின் சம்மதத்தைக் கேட்டு, பாட்டியின் பெயரையும் சேர்த்து எழுதுவர். அவ்வாறு எழுத அவர்களுக்கு வேண்டுவன ஒரு நோட்டுப் புத்தகம், தேதியிட்டுக் குறிக்கும் பழக்கம், திருப்பி அனுப்பினால் மறுபடியும் எழுதும் பொறுமை ஆகிய மூன்றே. வீட்டில் விளக்கடியில் ஓர் இடமும், “இன்று என்ன குறித்தாய்?” என்று கேட்க ஒருவரும் இருந்தால் அம்மூன்றும் தாமே அமையும்.