தெப்பம் கிளம்புது, வாங்க!

தைப்பூசத்தன்று மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவை எல்லாரும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் நடக்கிற ‘தெப்பம் முட்டுத்தள்ளுதலை’ப் பார்த்திருக்கிறீர்களா? கட்டி முடித்த தெப்பத்தைத் தண்ணீரில் தள்ளிவிடும் அந்த வைபவம்தான் எனக்கு உயிர்!

கிட்டப் போய்ப் பாருங்கள். அடியில் வரிசையாகக் காலி டிரம்கள். அதற்கு மேல் மரச்சட்டம், மூங்கில், பலகை. முடிச்சுகளை ஒருவர் காலால் மிதித்து இறுக்குகிறார். இன்னொருவர் டிரம்மைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். சுற்றி நிற்கிற பொடிசுகளும் ஆளுக்கொரு தட்டு! இவ்வளவு பெரிய தெப்பத்துக்கு மோட்டார் கிடையாது, துடுப்பும் கிடையாது. கரையில் நிற்கிற ஜனங்கள் வடம் பிடித்து இழுக்க, மீனாட்சியும் சொக்கரும் மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். வடம் பிடிக்கும் உரிமையோடு அனுப்பானடிக்காரர்கள் வந்து நிற்கிற மிடுக்கு இருக்கிறதே, அடடா!

1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் இது. தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்பார்கள். சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் கொழுக்கட்டை வாங்கிக்கொள்கிறாரே, அதே பிள்ளையார்தான்.

இந்தக் குளம் வறண்டு கிடந்ததையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. பையன்கள் உள்ளே ஸ்டம்பு ஊன்றி கிரிக்கெட் ஆடினார்கள். திருவிழா வந்தால் ‘நிலைத்தெப்பம்’. நகராமல் நின்ற இடத்திலேயே விழா. பக்தி குறையவில்லை, ஆனால் வடம் பிடிக்கிற கைகளுக்கு வேலை இல்லை. பிறகு பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் மறுபடி வந்தது. படிகள் ஒவ்வொன்றாக முங்க முங்க, அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது! இப்போது சாயங்காலம் வந்தால் நடைப்பயிற்சிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பஜ்ஜிக் கடை வாசனை என்று நாலு கரையும் ஜேஜே என்றிருக்கிறது. இதற்காகப் புதிய நகரம் எதையும் யாரும் கட்டவில்லை. நாயக்கர் காலத்துக் குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி சரியானது, அவ்வளவுதான்.

மதுரையைப் ‘பெரிய கிராமம்’ என்று சொல்வார்கள். சொல்லட்டும்! கிராமமாக இருப்பதால்தான் வடம் இழுக்க ஊரே வருகிறது. ஆனால் குளத்துக்குத் தண்ணீர் தருகிற வைகையில் கழிவுநீர் கலக்காமல் தடுக்கிற பெரிய வேலை பாக்கி இருக்கிறது. நிறைந்த குளத்தைப் பார்த்துவிட்ட ஜனங்கள் அதையும் கேட்காமல் விடமாட்டார்கள், எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

தைப்பூசத்துக்குக் காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று. காலையிலேயே வந்து வடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். வெளியூர்க்காரரா என்று யாரும் கேட்கமாட்டார்கள்; ‘இழுங்கண்ணே!’ என்பார்கள்.