கிழிசலில் பிறக்கும் நூல்

உலகம் உதறிய துணிக்கு மறுவாழ்வு தருகிறது பானிப்பட். தரம் பிரிக்கும் பெண்களுக்கோ தூசும் தினக்கூலியும்தான்.

மூன்று போர்களால் பாடப் புத்தகத்தில் இடம்பிடித்த ஊர் பானிப்பட். 1526, 1556, 1761 என்று மனப்பாடம் செய்தவர்கள் இன்று அங்கே போனால் எதிர்கொள்வது துணி மலைகளை. மேலை நாட்டவர் கழித்துக்கட்டிய கோட்டுகளும் ஸ்வெட்டர்களும் காண்ட்லா துறைமுகத்தில் இறங்கி, தில்லிக்கு வடக்கே சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள இந்த ஹரியானா நகரத்துக்கு வந்து சேர்கின்றன.

கிட்டங்கிகளில் தரையில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு முன்னால் அரிவாள்மணை போல நிமிர்ந்து நிற்கும் கத்தி. பொத்தான், ஜிப், லேபிள், உள்துணி எல்லாம் அதில் அறுபடுகின்றன. பிறகு நிறம் பிரித்தல். சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல், பழுப்பும் கறுப்பும் தனித்தனி. தொழிலின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. சிவப்புத் துணியிலிருந்து சிவப்பு நூலே வருவதால் சாயத் தொட்டி தேவையில்லை. ஆற்றைக் கெடுக்கும் சாயக் கழிவும் இல்லை. தண்ணீரும் ரசாயனமும் செய்ய வேண்டிய வேலையைப் பெண்களின் கண்கள் செய்துவிடுகின்றன.

அடுத்தது இயந்திரத்தின் முறை. முள் உருளைகள் துணியைப் பிய்த்து மறுபடியும் இழையாக்குகின்றன. பிய்க்கும்போது இழை அறுந்து குட்டையாகிவிடும். அதனால் நூல் தடிமனாகத்தான் வரும். வலுவுக்குச் செயற்கை இழை சேர்ப்பார்கள். இந்த முறைக்கு வயது இருநூறுக்கு மேல். 1813இல் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா தொடங்கிவைத்தது. 'ஷாடி' என்று பெயர். பின்னாளில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே 'மட்டமானது' என்ற பொருள் ஏறிவிட்டது.

மட்டமோ இல்லையோ, வெள்ளமும் நிலநடுக்கமும் வந்த இடங்களில் நடுங்கியவர்களைப் போர்த்தியது இந்த நூலில் நெய்த மலிவுக் கம்பளிதான். பருத்திக் கிழிசலுக்கு வேறு பாதை. பனியனும் தையற்கூட வெட்டுத்துண்டுகளும் நூலாகி, ஜமக்காளமாகவும் மிதியடியாகவும் வீடுகளுக்குத் திரும்புகின்றன. கைத்தறி ஜமக்காளத்தில், பஞ்சா என்ற இரும்புச் சீப்பால் ஊடையைத் தட்டித் தட்டி இறுக்குவது நெசவாளியின் கைதான்.

இப்போது கம்பளிக்குச் சோதனைக் காலம். மெல்லிய, பளிச்சென்ற, துவைக்க எளிதான பாலியெஸ்டர் போர்வை சந்தையைப் பிடித்துக்கொண்டது. பானிப்பட்டிலேயே பல ஆலைகள் அதற்கு மாறிவிட்டன. வந்திறங்கும் பழந்துணியிலும் கலப்பு இழை பெருகிவிட்டது. சுத்தக் கம்பளியைத் தேடிப் பிரிப்பது கடினமாகிக்கொண்டே போகிறது.

அந்தப் பாரமும் விழுவது பெண்கள் தலையில்தான். இழைத் தூசு மிதக்கும் கூடத்தில் அவர்களுக்கு முந்தானையே முகமூடி. இவர்களைப் பற்றி மேக்னா குப்தா இயக்கிய 'அன்ராவல்' (2012) ஆவணப்படத்தில் ஒரு யூகம் வருகிறது: அந்த ஊர்களில் தண்ணீர் விலை அதிகம் போலிருக்கிறது, அதனால்தான் துவைக்காமல் தூக்கி எறிகிறார்கள்.

சிரிப்பு வரலாம். ஆனால் தண்ணீரின் விலை தெரிந்தவர்களின் யூகம் அது. சாயத் தொட்டிக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீரை மிச்சம் பிடித்துத் தருபவர்களும் அவர்களே. அந்த மிச்சம் மட்டும் அவர்களுடைய கூலியில் சேர்வதில்லை.