வில்லின் கதை – 5: பட்டையும் முதுகும்

சென்ற வாரம் வில்லுக்குரிய மரத்தை வெட்டிக் கொணர்ந்து, நீளவாட்டில் பிளந்து, நிழலில் கிடத்தினோம். இனி அதன் பட்டையை உரிக்க வேண்டும். மாங்காட்டில் குடியிருப்பவனுக்கு வில் என்றதும் காமாட்சியின் கரத்துக் கரும்பு வில்லே முதலில் நினைவுக்கு வருமாதலால், தை பிறக்குமுன் வந்திறங்கும் கரும்பில் சோகை கழிப்பதுபோல் மரப்பட்டையையும் கழித்துவிடலாமென்று தோன்றுவது சகஜமே.

பட்டை அப்படி எளிதில் கழல்வது பருவத்தைப் பொறுத்தது. மரம் துளிர்த்துச் சாறேறும் காலத்தில், பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படலம் நீர்கோத்து நெகிழ்ந்திருக்குமாகையால், ஒரு முனையில் கத்தியால் நெம்பிவிட்டால் போதும், பட்டை வார்வாராக உரிந்து வந்துவிடும். சாறொடுங்கிய காலத்தில் வெட்டிய மரமோ, இருபுறமும் பிடிவைத்த கத்தியால் பொறுமையாகச் சுரண்டினாலன்றி விடாது. சுலபமாக உரிந்ததிலும் ஓர் அபாயம் உண்டு: ஈரம் அவசரமாக வெளியேறி மரம் வெடிக்கும். ஆகவே உரித்த புறத்துக்கும் இரு முனைகளுக்கும் மெழுகோ வச்சிரமோ பூசுவார்கள். வேண்டாமென்று பட்டையோடு விட்டுவைத்தால், அதனடியில் வண்டு குடியேறும்.

இத்தனை ஜாக்கிரதை எதற்கென்றால், நாணை இழுக்கும்போது எய்பவனுக்கு அப்பால் நோக்கும் புறம், அதாவது வில்லின் முதுகு, இழுவிசையைத் தாங்குகிறது. அவனை நோக்கும் வயிறு நெருக்குண்கிறது. பல மரங்களில் பட்டைக்கு அடுத்த கடைசி வளையமே அப்படியே முதுகாக நிற்பதால், கத்தி மயிரிழை ஆழமாகப் பாய்ந்து அங்கே நாரோட்டத்தை அறுத்துவிட்டால், பிளவு அங்கிருந்தே ஆரம்பமாகும். வில்லை ஒடித்த வீரனைப் பாடிய காவியங்கள், அதற்குப் பட்டை உரித்தவனைப் பற்றி மௌனம் சாதித்தது, என் அபிப்பிராயத்தில், பெரிய அநியாயம்.

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனின் சடலத்தோடு 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மரத்து வில்லொன்று கிடைத்தது. பட்டை போய்விட்டது, செதுக்கிய தழும்புகள் இன்றும் தெரிகின்றன, நாண் பூட்டும் காடி மட்டும் வெட்டப்படவில்லை. வேலை முடியுமுன் முதுகில் அம்பு தைத்து அவன் மாண்டான்.

மூங்கிலுக்குப் புறத்தை உரிக்கும் இந்த நியாயம் செல்லாது. அதன் பலமெல்லாம் நார்கள் நெருங்கிச் செறிந்த புறத்தோலை ஒட்டியே இருப்பதால், மூங்கில் வில் செய்கிறவர்கள் கணுக்களை மட்டும் இலேசாகச் சமன்செய்துவிட்டு, செதுக்குவதையெல்லாம் உட்புறத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பனையும் ஏறக்குறைய அந்த ஜாதிதான்: வைரம் வெளியே, சோறு உள்ளே. தெற்கே வில்லுப்பாட்டுக்காரர்கள் பனையில் வில் செய்வதும் அந்த வைரத்தை நம்பித்தான்.

உரித்த பட்டையை எறிந்துவிட வேண்டாம். தடசு முதலிய மரங்களின் பட்டை நார் கயிறு திரிக்க உதவும். அடுத்த வாரம் நாணுக்கு வருவோம்.