கணினித் திரையிற் குறிப்புரை

பண்டை நூல்களைப் பயில்வார்க்குக் குறிப்புரையின் அருமை நன்கு தெரியும். சிலப்பதிகாரத்தை நாம் இன்று பொருளுணர்ந்து கற்பதற்கு அடியார்க்குநல்லார் உரையோடு அரும்பதவுரையும் பெருந்துணையாக நிற்கின்றது. அரும்பதவுரைகாரர் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், ஒரு சொல்லுக்குப் பொருள் கூறி அப்பாற் செல்கின்றார். கணினித் திரையிலும் இத்தகைய குறிப்புரை ஒன்றுண்டு. ஒரு படக்குறியின்மீது சுட்டியைக் கொண்டுசென்றதும், அதன் பயனை இரண்டொரு சொற்களிற் கூறும் சிறு பெட்டி தோன்றுகின்றதன்றோ? அதனை உதவிக்குறிப்பு என்பர். நம் மாணவர் பலர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயின்று இணையத்தளங்கள் அமைக்கப் புகும் இக்காலத்தில், இவ்வுதவிக்குறிப்பை யாவர்க்கும் எட்டும்படி அமைப்பது எங்ஙனம் என்பதை எடுத்துரைப்பது பயனுடைத்தாகும்.

முதலில் ஓர் உதாரணம் காண்போம். விண்ணப்பப் படிவமொன்றிலே கடவுச்சொல் எழுதும் கட்டத்தின் அருகே சிறு வினாக்குறி ஒன்றுளது என்க. கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையலாகாது என்ற விதி அவ்வினாக்குறியினுள் மறைந்து கிடக்கின்றது. சுட்டியைக் கையாளவல்லார் அதனை எளிதிற் காண்பர். கண்பார்வையற்ற மாணவன் ஒருவன் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரலைக் கேட்டே படிவத்தை நிரப்புகின்றான். கைந்நடுக்கமுடைய ஒருவர் சுட்டியை விடுத்து விசைப்பலகையையே நம்பியிருக்கின்றார். பார்வை குன்றிய முதியவர் எழுத்தைப் பலமடங்கு பெருக்கித் திரையின் ஒரு மூலையை மட்டும் காண்கின்றார். கைப்பேசியில் விரலால் தொடுவோர்க்கோ சுட்டியே இல்லை. இந்நால்வர்க்கும் அவ்விதி எட்டாதாயின், அவர்தம் விண்ணப்பம் மீண்டும் மீண்டும் தள்ளப்படும். காரணமும் அவர்க்குத் தெரியவராது. எனவே இஃது அழகு பற்றிய சிறு விடயமன்று. ஒருவர் வாயிலின் உள்ளே புகுவதோ புறத்தே நிற்பதோ என்னும் விடயமாகும்.

வலைப்பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் ‘டைட்டில்’ என்றொரு பண்பு உண்டு. அதிலே ஒரு தொடரை எழுதிவிட்டால் உலாவியே உதவிக்குறிப்பைக் காட்டிவிடும். எளிய வழிதான், ஆயினும் குறைபாடுடையது. பெரும்பாலான உலாவிகளில் அது சுட்டிக்கு மட்டுமே தோன்றும். விசைப்பலகையால் வருவோர்க்கும் விரலால் தொடுவோர்க்கும் தோன்றாது. அதன் எழுத்தின் அளவையும் நிறத்தையும் அமைப்பவர் மாற்றவும் இயலாது. ஆதலின் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

1994ஆம் ஆண்டில் டிம் பேர்னர்ஸ் லீ தோற்றுவித்த உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, இணையம் அனைவர்க்கும் எட்டவேண்டும் என்னும் நோக்குடன் வழிகாட்டு நெறிகளை வகுத்து வருகின்றது. 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியான அந்நெறிகளின் 2.1ஆம் பதிப்பிலே, 1.4.13 என்னும் இலக்கமுடைய விதி இவ்விடயத்தையே கூறுகின்றது. அதன் கூறுகள் மூன்று.

முதலாவது, விலக்கத்தக்கதாதல். தோன்றிய குறிப்புக் கீழுள்ள எழுத்தை மறைக்குமாயின், சுட்டியை அசைக்காமலே அதனை நீக்க வழி வேண்டும். ‘எஸ்கேப்’ விசையை அழுத்தியதும் அது மறையுமாறு செய்தல் வழக்கம். இரண்டாவது, சுட்டியை ஏற்பதாதல். குறிப்பின்மீதே சுட்டியைக் கொண்டுசென்றாலும் அது மறைதல் கூடாது. எழுத்தைப் பெருக்கிப் படிப்பவர் குறிப்பின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை சுட்டியை நகர்த்தியே வாசிப்பராதலின் இது வேண்டப்பட்டது. மூன்றாவது, நிலைத்தல். சில நொடிகளிலே தானே மறைந்தொழியாது, படிப்பவர் சுட்டியையோ விசைக்குவியத்தையோ அகற்றும்வரை, அல்லது அவரே விலக்கும்வரை, அது நிற்றல் வேண்டும். மெல்லப் படிப்போரை விரைவுபடுத்தல் முறையன்று.

கண்ணுக்குத் தோன்றுவது மட்டும் போதாது, செவிக்கும் எட்டவேண்டும். இங்கே பெயர் வேறு, விளக்கம் வேறு என்பதை இலக்கணம் கற்றார் எளிதில் உணர்வர். குப்பைக்கூடைப் படம் மட்டுமே உள்ள பொத்தானுக்கு ‘நீக்கு’ என்னும் சொல் பெயராகும். அதனை ‘ஏரியா-லேபிள்ட்பை’ என்னும் பண்பினாற் பொத்தானோடு இணைத்தல் வேண்டும். இன்றேல் திரைவாசிப்பான் வெறுமனே ‘பொத்தான்’ என்று சொல்லி நின்றுவிடக்கூடும். எதனை அழிக்கின்றோம் என்பதறியாமல் அதனை அழுத்துவார் நிலை இரங்கத்தக்கது. கடவுச்சொற் கட்டத்துக்கோ பெயர் முன்னரே உண்டு. எட்டு எழுத்து என்னும் விதி அதற்கு விளக்கமாகும். அதனை ‘ஏரியா-டிஸ்கிரைப்ட்பை’ என்னும் பண்பினால் இணைத்துக் குறிப்புப் பெட்டிக்கு ‘டூல்டிப்’ என்னும் வகையைக் கொடுத்தல் முறை. அப்போது பெயரைச் சொன்னபின் விளக்கத்தையும் திரைவாசிப்பான் படித்துக்காட்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உள. உதவிக்குறிப்பினுள்ளே இணைப்புகளையும் பொத்தான்களையும் வைத்தல் ஆகாது. விசைப்பலகையாளர் அவற்றைச் சென்றடைதல் அரிது. செயலற்றதாக்கப்பட்ட பொத்தானுக்கு உதவிக்குறிப்பு எழுதுதலும் பெரும்பாலும் வீணே. அத்தகைய பொத்தானில் விசைக்குவியம் நில்லாது. தொடுதிரையாளர் பொருட்டு, தொட்டவுடன் திறக்கும் தனிப்பொத்தான் ஒன்றை அமைத்தல் நலம். எல்லாவற்றினும் மேலாக, இன்றியமையாத செய்தியை உதவிக்குறிப்பில் ஒளித்தலே கூடாது. கடவுச்சொல் விதியைக் கட்டத்தின் கீழே வெளிப்படையாக எழுதிவிட்டால் மேற்கூறிய இடர் யாவும் ஒருங்கே ஒழியும்.

தாம் அமைத்ததைச் சோதிக்க விரும்பும் மாணவர் சுட்டியைச் சற்றே ஒதுக்கிவைப்பாராக. ‘டாப்’ விசையால் ஒவ்வோர் உறுப்பாகச் சென்று, குறிப்புத் தோன்றுகின்றதா என்றும், ‘எஸ்கேப்’ விசைக்கு மறைகின்றதா என்றும் பார்ப்பாராக. பின்னர், விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு தம் பக்கத்தைத் தாமே கேட்பாராக. இதற்குக் கால்மணி நேரம் போதும். இணையத்தளம் அமைப்பதைத் தொழிலாகக் கொண்ட பழைய மாணவரும், அமைக்கக் கற்கும் இளைஞரும் இப்பழக்கத்தை மேற்கொள்வாராயின், முகமறியாத எத்தனையோ பேர் பிறர் கையை எதிர்பாராமல் தம் படிவத்தைத் தாமே நிரப்பி முடிப்பர்.