58-ல் ஓய்வு... 61-ல் மூச்சுத்திணறல்!

"அம்மாவுக்குப் பம்பிங் கம்மி. முப்பதுதான் இருக்காம்."

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு என்று இடுக்கி மலையின் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசல்களில் இந்தப் பேச்சு காதில் விழும். எக்கோ எடுத்த தாளில் இருக்கும் எண் அது. இதயம் ஒரு துடிப்பில், தன்னிடமுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். 30 என்றால் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தள்ளவில்லை. கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். தலையணை இரண்டு, மூன்று என்று ஏறி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவு கழியும். நாலு எட்டு மேட்டில் வைத்தால் நின்றுதான் போக வேண்டும். மேடில்லாத வழி என்று அந்த ஊர்களில் ஒன்றும் கிடையாது.

மாரடைப்பு வந்தால் ஊரே கூடிவிடும். ஜீப் பிடித்து இரவோடு இரவாக மலையிறக்குவார்கள். இப்படிப் பம்பிங் குறையும் இதயச் செயலிழப்புக்கு அந்த ஓட்டம் கிடையாது. 'வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது' என்று வீடு அதைப் பழகிக்கொள்கிறது. பழகிக்கொள்கிற அளவுக்கு அது சாதுவான நோயும் இல்லை.

கேரளத்திடம் இதற்குக் கணக்கு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2013-ல் அந்த மாவட்டத்தின் மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஒரே வருடத்தில் 100-க்கு 31 பேர் இறந்தார்கள். மூன்று வருடத்தில் 45. ஐந்து வருடம் முடிந்தபோது 59. பல புற்றுநோய்களில்கூட ஐந்து வருடத்துக்குப் பிறகு இதைவிட அதிகம் பேர் உயிரோடு இருக்கிறார்கள். இத்தனைக்கும் இது தலைநகர் இருக்கும் மாவட்டத்தின் கணக்கு. வளைவுக்கு வளைவு மண் சரியும் மலைப்பாதை அங்கே பெரும்பாலானோருக்குக் குறுக்கே இல்லை. மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை.

அந்தப் பதிவேட்டில் என்னைப் பிடித்து உலுக்கியது இறப்பு எண்ணிக்கையைவிட இன்னொரு எண். நோயாளிகளின் சராசரி வயது 61. பணக்கார நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. நம் பக்கம் பத்து வருடம் முந்திக்கொள்கிறது.

61 என்பதைத் தேயிலைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஓய்வு வயது 58. ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். முப்பது நாற்பது வருடம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் ஓடிப்போன தோட்டத்து ஆஸ்பத்திரியும் அன்றோடு கையைவிட்டுப் போகிறது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் வைத்தியத்தையும் 'தொழிலாளி'க்கும் அவர் குடும்பத்துக்கும்தான் கொடுத்தது. ஓய்வு பெற்றவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு நின்றால் தப்பித்தார்கள். இப்போது பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் கொச்சிக்கும் போய்விட்டார்கள். இதயம் தளரத் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே வீடு, வைத்தியர், தெரிந்த நர்ஸ் எல்லாம் ஒரே நாளில் பறிபோகின்றன. 2015-ல் போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்த 'பொம்பளை ஒருமை' இயக்கத்தின் தோட்டப் பெண்களில் பலர் இப்போது இந்த வயதைத்தான் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

மலையை விட்டு இறங்குபவர்கள் எங்கே போகிறார்கள்? தேனி, போடி, கம்பம். இன்னும் தெற்கே சங்கரன்கோவில், தென்காசி. தாத்தா விட்டுப்போன ஊரில் ஒரு வாடகை வீடு. குடும்ப அட்டை கேரளத்தில், உடம்பு தமிழ்நாட்டில். போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் பஸ்ஸுக்குச் சாதாரணச் சோதனைச் சாவடிகள்தான். மாத்திரைக்கு அங்கே பெரிய சுவர் நிற்கிறது.

அந்தச் சுவர் எப்படி எழும்புகிறது என்று பாருங்கள். இரண்டு மாநிலத்திலும் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் அது காப்பாற்றும், அதை மறுக்க முடியாது. மத்திய அரசின் திட்ட விதிப்படி, வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரையிலான செலவும் சேரும். பதினாறாம் நாள்? இதயச் செயலிழப்பில் உயிரைப் பிடித்து வைப்பது அந்தப் பதினாறாம் நாளிலிருந்து சாகும்வரை விழுங்க வேண்டிய மாத்திரைகள்தான். அதற்குக் காப்பீடு இல்லை. கேரள அட்டை வைத்திருப்பவர் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்றால், அன்றைக்குக் கையிருப்பில் இருப்பது கிடைக்கும். பழைய மாத்திரை மஞ்சள், புதியது வெள்ளை. இரண்டும் ஒன்றா, வேறு வேறா? சிலர் இரண்டையும் விழுங்குகிறார்கள். சிலர் குழப்பம் வேண்டாம் என்று இரண்டையும் நிறுத்துகிறார்கள்.

இந்த வீடுகளில் ஒரு துணிக்கடைப் பை இருக்கும், ஆணியில் தொங்கிக்கொண்டு. அதற்குள் மடிப்பு மடிப்பாக இ.சி.ஜி., எக்கோ தாள், ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். அந்த அட்டைகளைப் பார்த்தாலே நோயாளியின் கதை தெரிந்துவிடும். நீர் மாத்திரை அட்டை மட்டும் காலியாக இருக்கும். மற்றவை அப்படியே இருக்கும். நீர் மாத்திரை போட்டால் இரண்டு நாளில் வீக்கம் வற்றுகிறது, மூச்சு லேசாகிறது. பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற மாத்திரைகள் ஒன்றும் செய்வதாகத் தெரிவதில்லை. ஆனால் ஆயுளைக் கூட்டுபவை அந்த மற்ற மாத்திரைகள். எனாலாப்ரில் என்ற சாதாரண மாத்திரை, நோய் மிக முற்றியவர்களின் ஆறு மாத இறப்பை 44 சதவீதத்திலிருந்து 26 ஆகக் குறைத்ததை 1987-லேயே வடக்கு ஐரோப்பாவில் நிரூபித்துவிட்டார்கள். ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தால் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று 1999-ல் தெரிந்தது. இதயத் துடிப்பை நிதானமாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் பழையவை, மலிவானவை. புதிதாகச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் 2020-லும் எம்பாகிளிஃப்ளோசின் 2025-லும் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை சரிந்துவிட்டன. மருந்து விலைதான் தடை என்று இனி யாரும் முழுதாகச் சொல்ல முடியாது. திருவனந்தபுரத்துப் பதிவேட்டில், இவற்றில் பழைய மூன்று வகை மருந்துகளும் சேர்ந்து தேவைப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் வீட்டுக்குப் போகும்போது அவை எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தன. எழுதிக்கொடுத்த இடத்தில் அதிகம் பேர் பிழைத்திருந்தார்கள்.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா என 16 நாடுகளில் 5,823 பேரைப் பின்தொடர்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் சீனாவில் 7 சதவீதம், இந்தியாவில் 23, ஆப்பிரிக்காவில் 34. நோயின் தீவிரத்தை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. 2023-ல் 40 நாடுகளின் கணக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த முப்பது நாளுக்குள் பணக்கார நாடுகளில் 100-க்கு 7 பேர் இறக்கிறார்கள், இந்தியா போன்ற நாடுகளில் 21 பேர். எல்லா நாட்டிலும் இதயம் ஒரே மாதிரிதான் தளர்கிறது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

சரி, மாத்திரை எழுதிக்கொடுத்தால் போதுமா? குறைந்த அளவில் தொடங்கி, ரத்த அழுத்தமும் ரத்தத்தில் பொட்டாசியமும் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டும். 2022-ல் வந்த ஒரு சோதனையில், வீடு திரும்பிய முதல், இரண்டாம், மூன்றாம், ஆறாம் வாரங்களில் நோயாளியைக் கூப்பிட்டுப் பார்த்து வேகமாக அளவைக் கூட்டினார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் இதயக் கோளாறோடு மீண்டும் படுக்கைக்கு வந்தவர்களும் சேர்ந்து 23 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தார்கள். ஆறு வாரத்தில் நாலு முறை! மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய நாலு மணி நேரம். இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. காட்டுக்குள் இருக்கும் இடமலக்குடிக்காரர் என்றால் மூணாறுக்கு வந்து சேர்வதே ஒரு நாள் பாடு. ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி, பஸ், ஜீப், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாத்திரையின் விலை அற்பமாகிவிடும். மூன்றாவது முறை போகாமல் விட்டுவிடுகிறார்கள். யாரைக் குறை சொல்ல?

எனக்கு உறுத்துகிற இன்னொன்று உண்டு, வலி மாத்திரை. சரிவில் நின்று கொழுந்து எடுத்த முதுகும் முழங்காலும் ஓய்வுக்குப் பிறகும் வலிக்கின்றன. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் 'மூட்டு வலிக்கு' என்று கேட்டால் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை கைக்கு வந்துவிடும். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தை வாட்டும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். பம்பிங் குறைந்தவருக்கு அது விஷத்துக்குச் சமம். கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொள்ளும் வீட்டில் இதுவும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் மறுபடி மூச்சுத்திணறல், மறுபடி ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் தாளில் இதை யாராவது தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன?

பாலக்காட்டுப் பக்கமும் இதே கதைதான், இடம்தான் வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொள்ளாச்சியும் கோவையும்தான் கைக்கெட்டும் பெரிய ஊர்கள். அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் ரத்தசோகையும் அரிவாள் செல் நோயும் ஏற்கெனவே இதயத்தின் மேல் பாரம் ஏற்றி வைத்திருக்கின்றன. அங்கிருந்து ஆனைக்கட்டி வழியாகக் கோவைக்கு இறங்குவதா, சுரம் இறங்கி மண்ணார்க்காடு வழியாகத் திருச்சூருக்குப் போவதா என்பதை, வைத்தியத்தைவிட அட்டையும் அன்றைக்குக் கிடைக்கும் வண்டியுமே முடிவு செய்கின்றன.

பீடியும் குடியும்தான் காரணம், ஆளுக்கு ஆள் ஒழுங்காக இருந்தால் போதும் என்கிறவர்கள் உண்டு. மலைமேல் இதய அடைப்பு நீக்கும் கேத் லேப் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நோய் வந்துவிட்ட அறுபது வயதுப் பெண்ணின் அடுத்த ஐந்து வருடத்தை இவை இரண்டும் தீர்மானிக்கப் போவதில்லை.

தீர்மானிக்கக்கூடியவை இரண்டு மாநிலத்திலும் பாதி பாதியாகக் கிடக்கின்றன என்பதுதான் ஆதங்கம். 2008-ல் வலி நிவாரண சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வந்து படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கிறது. அந்த நர்ஸின் பட்டியலில் பம்பிங் குறைந்தவர் சேரவும், அந்த மாத்திரைப் பையில் இதயச் செயலிழப்பு மருந்துகள் முழுதாக ஏறவும் புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு எடை மெஷின், ஒரு பிரஷர் கருவி, போனில் ஒரு மருத்துவர் போதும். தோட்டத்தில் கொழுந்தைக் கிலோ கணக்கில் நாள் முழுக்க நிறுக்கிறார்கள். கொழுந்து கிள்ளியவளின் எடை மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியதைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். எல்லை மாவட்டங்களில் யாருடைய அட்டை எந்த மாநிலத்தது என்று பார்க்காமல், இதயச் செயலிழப்பு மாத்திரையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கட்டும். தோட்டத்திலிருந்து ஓய்வு பெறுபவரின் மருத்துவக் குறிப்பு, பணிக்கொடைக் காசோலையோடு அவர் போகும் ஊரின் சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேரட்டும். முல்லைப் பெரியாறு நீருக்காக எத்தனையோ முறை எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், இதற்காக ஒருமுறை ஒரே பக்கம் உட்காரலாம்.

அதுவரை, உங்கள் வீட்டில் பம்பிங் குறைந்தவர் இருந்தால், இந்த வாரமே ஒரு எடை மெஷின் வாங்கிவிடுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், வீக்கம் தெரியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்காதீர்கள். வீக்கம் வற்றிவிட்டது என்று மற்ற மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள்.